புகை வந்தால் என்ன செய்வாய்

"அந்தச் சிவப்பு ஸ்வெட்டரைக் கழட்டிடலாமா அக்கா?" என்றாள் தோமினிகா.

மகளின் தலையை வாரிக்கொண்டிருந்த ஜனேத்தாவின் கை அப்படியே நின்றது. பிள்ளையை உலகமே பார்க்கப்போகிறது என்று காலையிலேயே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, இருப்பதிலேயே நல்லதை எடுத்து மாட்டிவிட்டிருந்தாள்.

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் வேணாம்ங்கறேன்."

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த திபோருக்குச் சுருக்கென்றது. "கிழிசல்தான் வேணும்னா என் சட்டையை மாட்டிவிடு. நம்ம வீட்டுல அதுக்கா பஞ்சம்?"

"நீ சும்மா இருய்யா" என்று புருஷனை அடக்கினாள் ஜனேத்தா. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜிப்சிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமாக்களான எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மந்தபுத்திப் பள்ளிதான் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். பெரிய பள்ளியில் ஓரிரு ஆண்டு உட்காரவைப்பார்கள். பிறகு ஒரு சோதனை வைத்து, மூளை போதவில்லை என்று அங்கே தள்ளிவிடுவார்கள். ஜனேத்தாவும் அங்கே படித்தவள்தான். எட்டு வருஷம் வண்ணம் தீட்டினாள், காகிதம் வெட்டினாள். எழுத்து மட்டும் வரவில்லை, ஏனென்றால் யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது மகள் எர்ஷிகாவின் முறை. ஒன்பது வயது. தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் வாசித்துச் சொல்பவள் அவள்தான்.

தோமினிகா தலைநகரில் மனித உரிமை அமைப்பு ஒன்றில் வேலை பார்ப்பவள். கெட்டவள் இல்லை. எங்கள் சேற்றில் மூக்கைப் பொத்தாமல் நடப்பாள், கொடுத்த ரொட்டியை மறுக்காமல் தின்பாள். வெள்ளைக்காரர்களில் அது அபூர்வம். எர்ஷிகாவின் வீடியோவை உலகம் முழுக்கப் பரப்பி, வெளிநாட்டிலிருந்து அரசாங்கத்தை நெருக்கினால்தான் வழி பிறக்கும் என்று நம்பினாள்.

"சோதனையில என்ன கேட்டாங்கன்னு சொல்லு கண்ணு" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

எர்ஷிகா மடமடவென்று ஆரம்பித்தாள். "பக்கத்து வீட்டுல புகை வந்தா என்ன செய்வேன்னு அந்த டீச்சர் கேட்டாங்க. போய்க் குளிர் காய்வேன்னு சொன்னேன். தப்புன்னு பூஜ்யம் போட்டாங்க. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடணுமாம். எங்க தெருவுல புகை வந்தா அந்த வீட்டுல விறகு இருக்குன்னு அர்த்தம். அதுக்கு எதுக்கு வண்டி? அவங்க எங்க தெருவைப் பாத்ததே இல்ல. அப்போ பூஜ்யம் யாருக்குப் போடணும்?"

திபோர் கோடரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். தோமினிகாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இவ்வளவு கெட்டிக்காரத்தனமாப் பேசினா ஜனங்க ரசிச்சிட்டுப் போயிடுவாங்க அக்கா. மனசு இளகணும். 'நான் பள்ளிக்கூடம் போகணும்'னு மட்டும் சொல்லட்டும். மெதுவா, தலையைக் குனிஞ்சிட்டு."

பழைய சட்டையில், குனிந்த தலையோடு, நிறுத்தி நிறுத்தி, எர்ஷிகா அதைச் சொன்னாள்.

அந்த வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. பெயர் தெரியாத ஊர்களில் எல்லாம் ஜனங்கள் அழுதார்கள், அரசாங்கத்துக்கான மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். வெளிநாட்டு மனித உரிமைக் குழு ஒன்று விளக்கம் கேட்டது. அரசாங்கம் பதறிப்போய், எர்ஷிகாவை மறுபடி பரிசீலிக்கும்படி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு உத்தரவிட்டது. ஜனேத்தா எல்லாத் தெய்வங்களுக்கும் நன்றி சொன்னாள்.

விசாரணை நாளில் அந்தச் சோதனை வைத்த டீச்சரே வந்திருந்தார். மிகவும் மரியாதையானவர். சுவரில் வீடியோவை ஓடவிட்டார்.

"இது நாங்க எடுத்ததில்லை. இவங்களே எடுத்து உலகத்துக்குக் காட்டினது. ஒன்பது வயசுப் பிள்ளை மூணு வார்த்தை சேர்த்துச் சொல்ல எவ்வளவு திணறுது பாருங்க. இதைப் போய்ப் பெரிய பள்ளியில போட்டு வதைக்கணுமா?"

ஜனேத்தா தோமினிகாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அப்படிப் பேசச் சொன்னது நான்தான் என்று அவள் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அந்த வீடியோவே பொய் என்றாகிவிடும். இங்கே பத்திரிகைகள் அதற்குத்தான் காத்திருந்தன. தோமினிகா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எர்ஷிகா கையைத் தூக்கினாள். "நான் பேசலாமா?"

"வேண்டாம்மா, பாவம், நீ சிரமப்படாதே" என்றார் விசாரணைக் குழுவின் தலைவர். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. பழைய தீர்ப்பே நிலைத்தது.

வெளியே வந்ததும் தோமினிகா அழுதாள். "நான் சொல்லியிருந்தா எல்லாப் பிள்ளைங்களுக்கும் கெட்டுப்போயிருக்கும் அக்கா. இந்தத் தீர்ப்பையே போட்டு இன்னும் பெருசாக் கிளப்பலாம். எர்ஷிகா அந்தப் பள்ளி வாசல்ல நிக்கிற மாதிரி ஒண்ணு..."

"எல்லாப் பிள்ளைங்களும்னா யாரும்மா? எனக்கு இருக்கறது இது ஒண்ணு" என்றாள் ஜனேத்தா. திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பேருந்து வரும்வரை மகளின் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து மகளுக்குப் போட்டுவிட்டாள். "நீ அன்னிக்குச் சொன்னியே, புகை, அதை முழுசாச் சொல்லு. யாருக்காகவும் குனியாதே."

திபோர் போனைப் பிடித்தான். எர்ஷிகா தலை நிமிர்ந்து, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். அதை எப்படி இணையத்தில் ஏற்றுவது என்பதும் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

அதை அதிகம் பேர் பார்க்கவில்லை. எங்கள் தெருக்காரர்கள் பார்த்தோம். மறுநாள் மாலை தூரதேசத்துப் பெண் ஒருத்தி வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தாள். முதல் வீடியோவைப் பார்த்து அழுது கையெழுத்துப் போட்டவளாம்.

"என்னடி போட்டிருக்கு?" என்று ஜனேத்தா ஆவலோடு கேட்டாள்.

போனே மொழிபெயர்த்துத் தந்ததை எர்ஷிகா எங்கும் தடுமாறாமல் வாசித்துக் காட்டினாள்: "இது அந்தப் பாவப்பட்ட பிள்ளை இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசவைத்திருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள்."