முட்டுப் பிரித்த நாள்

வீடு கட்டக் கொடுத்திருந்த வீட்டுக்காரர் வார்டுக்குள் நுழைந்ததும் கான்ட்ராக்டர் கட்டில் ஓரத்திலிருந்து எழுந்து நின்றான். கட்டிலில் அவனுடைய மைத்துனன், இடுப்புக்குக் கீழே முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான். இனிமேல் சாரம் ஏற முடியாது என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

போன வருஷம்வரை இருவருமே கொத்தனார்கள். ஒரே சாரத்தில் நின்று, ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள். கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கச் சொல்லும் கான்ட்ராக்டர்களை இவனளவுக்குத் திட்டியவர் கிடையாது. "கான்கிரீட் என்ன துவைச்ச துணியாய்யா, காஞ்ச மாதிரி இருந்தா எடுத்துடறதுக்கு?" என்பான். அப்புறம் இவனே கான்ட்ராக்டர் ஆனான். முதல் வீடு முடிவதற்குள் இரண்டாவது வீடும் கிடைத்தது. அங்கே தளம் போட வேண்டும். அதற்கு வேண்டிய பலகையும் முட்டும் இங்கே பால்கனிக்கு அடியில் நின்றன. விபத்து நடந்த அன்று காலை, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே மைத்துனனிடம் போனில் சொன்னான்.

"பால்கனி முட்டப் பிரிச்சு லாரில ஏத்திடு மாப்ள."

"ஒரு வாரம் போகட்டும் மாமா. வெளிய தொங்குற பாகம்."

"கான்ட்ராக்டர் நானா, நீயா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பக்கத்தில் அவன் மனைவி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் பால்கனி அவள் தம்பியின் மேல் இறங்கிவிட்டது.

"யாரு பிரிக்கச் சொன்னது?" வீட்டுக்காரர் நேராகவே கேட்டார். "உள்ளதச் சொல்லுங்க. இவர் சொல்லித்தான்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

மைத்துனன் விட்டத்தையே பார்த்தான். "நான்தாங்க அவசரப்பட்டேன். மாமா ஒரு வாரம் போகட்டும்னுதான் சொன்னாரு."

கான்ட்ராக்டர் வாயைத் திறந்தான். இல்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். கைவிட்டுப் போகிற வேலை கண்முன்னே நின்றது. வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டினார். "சொந்தக்காரன்னு பாக்காதீங்க. சொல்பேச்சு கேக்காதவங்கள வேலைக்கு வச்சுக்காதீங்க."

"சரிங்க," என்றான்.

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி யாரையும் பார்க்கவில்லை. தம்பிக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.