பெல்டன் துரைக்குச் சொதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, உலக சமாதானம் கொல்லம் மெயிலின் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தென்காசியில் இறங்கும் என்றும், அதை வரவேற்று இரு பெரும் தேசங்களின் நட்பை நிரந்தரமாக உறுதிசெய்யும் பொறுப்பு உயர்நிலைப் பள்ளிச் சரித்திர ஆசிரியர் திரு. எஸ். சிவசைலம், பி.ஏ., எல்.டி., அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்றும் ஊர் அறிந்துகொண்டது. ஒப்படைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிவசைலம் தன் பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். அமெரிக்கா அப்போது நமக்குக் கோதுமையும் பால் பவுடரும் அனுப்பியது போதாதென்று, வருஷா வருஷம் சில ஆசிரியர்களைத் தன் செலவிலேயே கூட்டிக்கொண்டு போய், ஒரு வருஷம் படிக்கவைத்து, தன்னுடைய ரோடுகளையும் பால் பண்ணைகளையும் சுற்றிக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படித் திரும்பி வருகிறவர் ஆயுசு முழுக்க அமெரிக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருப்பார் என்பது எண்ணம். ரஷ்யாவுக்கும் இதே எண்ணம் உண்டு. குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம். இதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர். யார் யாருக்கு உபகாரம் செய்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்துக்கு அந்த வருஷம் ஓர் இடம் இருந்தது. கடைசிச் சுற்றில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: தென்காசிச் சிவசைலமும், இலஞ்சியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த ஏசுதாசனும். இருவரையும் நேரில் பார்த்துப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுக்கத்தான் சென்னையிலிருந்து மிஸ்டர் பெல்டன் வருகிறார். காலை மெயிலில் வந்து சாயங்கால மெயிலில் திரும்புகிறார்.

சிவசைலத்துக்கு இந்த இடம் அவசியம் வேண்டும். அடுத்த வருஷம் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அவருக்கு முன்னால் மூன்று சீனியர்கள் இருந்தார்கள். மூன்று பேரும் செங்கோட்டையைத் தாண்டியதில்லை. அமெரிக்கா போய் வந்தவனைத் தாண்டி நிர்வாகம் எவனை உட்காரவைக்கும்? அதோடு, கிடைத்துவிட்டதாகவே அவர் நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். தென்காசியில் நாலு பேரிடம் சொன்னால் நாற்பது பேரிடம் சொன்ன மாதிரி. ரதவீதியில் நடந்தால், "சார்வாள், கப்பல் எப்போ?" என்று கேட்காதவன் இல்லை. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவர்தான் சிவசைலம். ஆனால் மற்றவர்கள் ஆரம்பிப்பதற்குள் முந்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருப்பதால், அந்தச் சிரிப்பில் எப்போதும் ஒரு அவசரம் இருக்கும்.

'அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து உங்கள் தேசத்துக்கு என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பதில் தயாரித்துக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தார். அசோகரில் ஆரம்பித்து அணைக்கட்டில் முடிகிற பதில்.

கார் கேட்பதற்காக ஜவுளிக்கடை அப்துல் ஜப்பாரிடம் போனார். ஊரில் இரவல் கொடுக்கிற கார் அது ஒன்றுதான்.

"துரை பகல்ல எங்கன தங்குதாரு?" என்றார் ஜப்பார்.

"நம்ம வீட்லதான்."

"டிராவலர்ஸ் பங்களா இருக்கே வே."

"சாரல் நேரத்துல வந்த விருந்தாளிய பங்களாவுல விட்டா ஊரு காறித் துப்பாதா பாய்?"

"விருந்தாளியா? உமக்குப் பரீட்சை வைக்கல்லா வருதாரு."

"பரீட்சை வைக்கவனுக்கும் பசிக்குமில்லா?"

இந்தப் பதிலில் ஜப்பார் அடங்கிப் போனார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அடங்கித்தான் போவார்கள். குற்றாலத்தில் அருவி கொட்டுகிற சாரல் காலத்தில் தென்காசிக்காரன் வீட்டுக்கு யார் வந்தாலும், ஜப்தி செய்ய அமீனாவே வந்தாலும், முதலில் எண்ணெய், பிறகு அருவி, பிறகு சாப்பாடு, பிறகு தூக்கம். மிச்சம் நேரம் இருந்தால்தான் காரியம். அதற்கு முன்னால் காரியம் பேசுகிறவன் மனுஷனே இல்லை.

சிவசைலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சமையல் சொன்னார். தேங்காய்ப்பால் விட்டுச் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு பொரியல், பருப்புப் பாயசம்.

குழல்வாய்மொழி தேங்காயை உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மறுவீட்டுக்கு வார மாப்பிள்ளைக்குல்லா சொதி வைப்பாக. இவரு யாரைக் கெட்டப் போறாரு?"

"என்னையத்தான்."

"கெட்டிட்டு இங்கயே வீட்டோட இருந்துரப் போறாரு. பாத்துக்கிடுங்க."

சனிக்கிழமை உலக சமாதானம் இறங்கியது. ஆறடிக்கு மேலே நீளம்; மூக்கு நுனி சிவப்பு; கையில் ஒரு தோல் பை. நல்ல மனிதர். ஸ்டேஷன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மிஸ்டர் சிவசைலம், நேரம் குறைவு. நாம் உட்கார்ந்து கொஞ்சம் பேசலாமா?"

"பேசலாம் சார், பேசலாம். முதலில் ஒரு குளியல்."

"நான் ரயிலிலேயே குளித்துவிட்டேன்."

"அது குளியல் இல்லை சார்" என்று சொல்லி, சிவசைலம் அவரை ஜப்பாரின் காரில் ஏற்றினார்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற மாடன் காத்துக்கொண்டிருந்தான். பெல்டனைப் பாறைமேல் உட்காரவைத்து, உச்சந்தலையில் ஒரு கை எண்ணெயை வைத்து அடித்தான். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்த குரங்குகள்கூட எட்டிப் பார்த்தன. பெல்டன் முதலில் பையைத் தேடினார். எண்ணெய் வழிய வழிய, கொஞ்ச நேரத்தில் கண்ணைத் தேட ஆரம்பித்தார். மாடன் அவர் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே, "துரை, ஒடம்ப இறுக்கப்படாது, விடுங்க" என்றான். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விட்டார்.

அருவிக்கு அடியில் நின்றபோதுதான் அவருக்கு வந்த வேலை ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, "இந்த உபகாரச் சம்பளம் உங்களுக்குக் கிடைத்தால்—" என்று கத்தினார்.

"தலையை உள்ளே விடுங்கள் சார்" என்று சிவசைலம் திருப்பிக் கத்தினார். பாதி நனைந்து பாதி நனையாமல் ஒருவர் வெளியே வந்தால் தென்காசிக்கு என்ன மரியாதை?

வீட்டில் இலை போட்டார்கள். அருவியில் குளித்தவனின் பசி எப்படியிருக்கும் என்பது குளித்தவனுக்குத்தான் தெரியும். பெல்டனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் சோற்றுக்குச் சொதி விட்டதும் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். குழல்வாய்மொழி இன்னொரு கரண்டி விட்டாள். மறுபடி திறந்தார். "சாப்பிடும்போது பேசக் கூடாது சார், எங்கள் வழக்கம்" என்றார் சிவசைலம். அப்படி ஒரு வழக்கம் அவர் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. சொல்லப்போனால் அங்கே சண்டையெல்லாம் இலையில்தான் நடக்கும்.

பாயசத்துக்குப் பிறகு பெல்டன் கட்டிலில் சாய்ந்தார். தேங்காய்ப்பால் தன் வேலையைக் காட்டியது. வல்லரசு குறட்டை விட்டது.

இரண்டு மணிக்கு ஜப்பார் வாசலில் வந்து நின்றார். "வே, இலஞ்சிக்கு இவரைக் கூட்டிட்டுப் போவணும்னுல்லா சொன்னீரு? ஏசுதாசன் சார் பள்ளிக்கூடத்துல காத்துட்டு இருக்காரு."

சிவசைலம் கட்டிலைப் பார்த்தார். எழுப்பலாம். எழுப்பினால் துரை இலஞ்சிக்குப் போவார். தூங்குகிற விருந்தாளியை எழுப்புவது பாவம் என்று அப்போது அவருக்குத் தோன்றிய அளவுக்கு அதற்கு முன்போ பின்போ தோன்றியதில்லை.

"துரைக்கு அசதியாம். ஸ்டேஷனுக்கு வந்து பாத்துக்கிடச் சொல்லும்."

"இது நல்லாவா இருக்கு?"

"அவரு என்னத்த உபசரிக்கப் போறாரு பாய்? வீட்டுக்கு வந்தவன்ட்ட 'காப்பி குடிக்கேளா'ன்னு கேள்வி கேக்க மனுஷன்."

இது ஊரறிந்த உண்மை. காப்பியைக் கொண்டுவந்து கையில் திணிக்காமல், குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று மரியாதைக்குச் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுகிற ஆள் ஏசுதாசன். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்காவா என்று சிவசைலம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பெல்டன் எழுந்து, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டார். சொன்னார்கள். சந்தோஷப்பட்டார். ஐந்தருவியையும் பார்க்காமல் போவதா என்று அங்கே ஒரு குளியல். அங்கிருந்து நேராக ஸ்டேஷன்.

வண்டி தாமதம் என்றார்கள். நல்லதாகப் போயிற்று, பதிலைச் சொல்லிவிடலாம் என்று சிவசைலம் அசோகரைத் தொண்டைக்குக் கொண்டுவந்தார். அப்போதுதான் உறைத்தது: விருந்தாளி வெறுங்கையோடு நிற்கிறார். குற்றாலத்துக்கு வந்துவிட்டு மங்குஸ்தான் இல்லாமல் ஒரு மனிதனை ரயிலேற்றுவதா? வெளியே ஓடினார். முதல் கூடையில் பழம் காயாக இருந்தது. அடுத்தவளிடம் பேரம் பேசிக் கூடையோடு வாங்கி, பக்கத்துக் கடையில் நேந்திரங்காய் வறுவலைச் சுடச்சுடப் பொரித்துத் தரச்சொல்லி அடுப்பருகே நின்றார்.

நின்ற இடத்திலிருந்து பிளாட்பாரம் தெரிந்தது. பெஞ்சில் பெல்டன். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏசுதாசன். ஏசுதாசன் கையில் ஒன்றும் இல்லை. காப்பிகூட வாங்கித் தரவில்லை. தின்னவும் குடிக்கவும் ஒன்றும் இல்லாததால் இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தோல் பை திறந்திருந்தது. பெல்டன் ஏதோ கேட்க, ஏசுதாசன் பதில் சொல்ல, பெல்டன் எழுத, அது முடிகிற பாடாக இல்லை.

சிவசைலம் வறுவல்காரரை அவசரப்படுத்தினார். "ஏன் சார்வாள் பறக்கேரு? வண்டி இப்பத்தான் செங்கோட்டைய விட்டிருக்கும்" என்றார் அவர்.

கூடையோடு ஓடி வந்தபோது மணி அடித்தது. பெல்டன் பெட்டியில் ஏறி, கூடையை வாங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சிவசைலத்தின் இரண்டு கைகளையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. எண்ணெயாகவும் இருக்கலாம்.

"மிஸ்டர் சிவசைலம், மூன்று வருஷமாக உங்கள் தேசத்தில் இருக்கிறேன். என்னை இப்படி யாரும் கவனித்ததில்லை. உங்களை இங்கிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் அயோவாவில் வைப்பது பெரிய அநியாயம். அங்கே உங்களுக்குச் சொல்லித்தர எங்களிடம் ஒன்றும் இல்லை. என் அலுவலகத்தில் இன்னும் குற்றாலம் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த சீசனுக்கு அவர்களை உங்களிடமே அனுப்புகிறேன். அனுப்பலாம் அல்லவா?"

"அதுக்கென்ன சார், தாராளமாக" என்றது சிவசைலத்தின் வாய். எங்கள் ஊர் வாய் அது. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லப் பழகவில்லை. வண்டி நகர்ந்தது. அசோகர் தொண்டையிலேயே நின்றார்.

வீட்டு வாசலில் குழல்வாய்மொழி கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"சொதி பிரமாதமாம்."

"அது எனக்கே தெரியும். வேற?"

"அடுத்த சாரலுக்கு அவுக ஆபீசே வருதாம்."

 அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடச் சத்தம் அதிகம்.

அன்றிரவு சிவசைலம் தனக்குத் தானே ஒரு சரித்திர விளக்கம் கொடுத்துக்கொண்டார். ஒரு வல்லரசு, ஒரு வருஷப் படிப்பும் கப்பல் செலவும் கொடுத்து அடையப் பார்க்கிற அன்பை, தென்காசி ஒரு கை நல்லெண்ணெயிலும் இரண்டு கரண்டி சொதியிலும் ஒரே பகலில் சம்பாதித்துவிட்டது. ராஜதந்திரத்தில் அமெரிக்கா நம்மிடம் தோற்றுவிட்டது. பிற்காலத்தவர் இதை ஆராய்ந்து எழுதுவார்கள். இந்த விளக்கத்தை மறுநாள் ரதவீதியில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

செப்டம்பர் மாதம் ஏசுதாசன் அமெரிக்கா போனார்.