சந்தியோகுவின் மெழுகுதிரி

அதிபர் எமில்ராஜ் சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனுஷன். குருநகர்க் கரையோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திக்கொண்டு அப்படி ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த வருஷம் அவருடைய தலையிடி, சிங்களம் படிப்பிக்கச் சிலாபத்திலிருந்து வந்திருந்த டில்ருக்ஷி ரீச்சர்.

ரீச்சரில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகள்தான் அவருடைய பாடத்தில் வாயைத் திறப்பதில்லை. மரியாதையாக எழும்புவார்கள், மரியாதையாக இருப்பார்கள், ஒரு சொல் வராது. முன்பு வந்த சிங்கள ஆசிரியர்கள் அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் ஒவ்வொருவராக மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போன கிழமை டில்ருக்ஷியும் அதிபரின் அறைக்கு வந்து, "சேர், இந்த வருஷத்தோட நானும் மாற்றம் கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகளின் வாய்க்கு யாரும் பூட்டுப் போடவில்லை. அவர்கள் ஸ்ரெல்லா ரீச்சரைப் பார்த்து நடந்தார்கள், அவ்வளவுதான். ஸ்ரெல்லா சமயம் படிப்பிப்பவர். அவருடைய கணவர் சந்தியோகு யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஒருநாள் கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போனார். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை; கடற்படைதான் பிடித்தது என்று ஊர் நம்பியது. ஸ்ரெல்லா டில்ருக்ஷிக்குக் காலை வணக்கம் சொல்வார், அதற்குமேல் ஒரு பேச்சு இல்லை. ஊர்த் தாய்மாரும் அப்படியே. ஸ்ரெல்லா முகம் கொடுத்தால் ஊர் முகம் கொடுக்கும்.

நவம்பர் வந்தது. ஆத்துமாக்களின் மாதம். பள்ளி மண்டபத்தில் ஒரு தாம்பாளம் நிறையக் கடல் மணல் வைப்பார்கள். தாய் தகப்பன்மாரும் வருவார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மெழுகுதிரி கொளுத்தி மணலில் நட்டு, தங்கள் வீட்டில் இறந்தவரின் பேரைச் சத்தமாகச் சொல்வார்கள். ஸ்ரெல்லா அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லி, "நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்று தொடங்குவார். மற்றப் பாதியை மண்டபம் சொல்லும்.

வருஷா வருஷம் ஊரில் இறந்தவர்கள் எல்லாருக்கும் செபிக்கிற ஸ்ரெல்லா, சந்தியோகுவுக்கு மட்டும் ஒருநாளும் திரி கொளுத்தியதில்லை. காணாமற் போனவருக்குத் திரி கொளுத்தினால், ஆள் இல்லை என்று வீட்டுக்காரரே ஒத்துக்கொண்டதாகிவிடும். கரையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சந்தியோகு கடலில் போய்த் திரும்பவில்லை என்று டில்ருக்ஷிக்கு அதிபர் வந்த புதிதில் சொல்லியிருந்தார்; இதை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரோடு கதைத்தால்தானே சொல்வதற்கு!

கடைசிப் பிள்ளையும் தன் இடத்தில் போய் இருந்த பிறகு டில்ருக்ஷி எழும்பினார். கையில் இரண்டு மெழுகுதிரிகள்.

டில்ருக்ஷி முதலாவதைக் கொளுத்தி நட்டார். பாடமாக்கி வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "ரொஷான். என் தம்பி. கடற்படையில் இருந்தான். காங்கேசன்துறைக் கடலில் போனான். உடம்பு கிடைக்கவில்லை."

இரண்டாவது திரியையும் கொளுத்தி நட்டார்.

"சந்தியோகு. ஸ்ரெல்லா ரீச்சருடைய கணவர். அவரும் கடலில்."

"ஐயோ மாதாவே" என்று பின்னாலிருந்து ஒரு தாயின் குரல் வந்தது. பாவம் டில்ருக்ஷி, ஸ்ரெல்லா கூச்சத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து, நல்ல மனதோடு செய்த பிழை. மணியை அடித்து எல்லாரையும் வகுப்புக்கு அனுப்பிவிடலாமா என்று எமில்ராஜ் யோசித்தார்.

அதற்குள் ஸ்ரெல்லா முன்னால் வந்தார். இரண்டாவது திரியை மணலிலிருந்து பிடுங்கினார். ஊதி அணைத்தார்.

"அவர் வருவார் எண்டுதான் நான் இருக்கிறன். அவருக்கு இது வேண்டாம்."

டில்ருக்ஷியின் முகத்தில் இரத்தம் இல்லை. "மன்னிச்சிடுங்க ரீச்சர். எனக்குத் தெரியாது."

ஸ்ரெல்லா அணைந்த திரியைக் கையில் பிடித்தபடி, எரிகிற மற்றத் திரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எமில்ராஜ் கவனித்தார். பிள்ளைகள் யாரும் டில்ருக்ஷியைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் ஸ்ரெல்லாவின் வாயையே பார்த்தன. இந்த மனுஷி இப்போது என்ன செய்கிறாரோ அதைத்தான் இந்தப் பிள்ளைகள் ஆயுளுக்கும் படிக்கப் போகிறார்கள் என்று நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

ஸ்ரெல்லா நிமிர்ந்தார். "உங்கடை தம்பியின்ரை பேர் என்னெண்டு சொன்னனீங்கள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"ரொஷான்."

"ரொஷான்" என்றார் ஸ்ரெல்லா. மற்றப் பேர்களைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். "நித்திய இளைப்பாற்றியை..."

அதோடு குரல் உடைந்தது. சரி, எல்லாம் முடிந்தது என்று எமில்ராஜ் நினைத்த கணத்தில், முன்வரிசைப் பிள்ளைகள் ரீச்சரின் பாதியையும் தாங்களே எடுத்தார்கள். "இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே!" உடனே மண்டபம் முழுவதும் தன் பாதியைச் சொன்னது. "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக." கூரைத் தகரம் அதிர்ந்தது. ஐயோ மாதாவே என்ற அந்தத் தாயும் சொன்னார். எமில்ராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் கடவுள் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று அவருக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். தன்னுடைய வாயும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்ததை அவர் பிறகுதான் உணர்ந்தார்.

எல்லாரும் கலைந்த பிறகு, மண்டப வாசலில் ஸ்ரெல்லா டில்ருக்ஷியை மறித்தார். அணைத்த திரியை அவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ. கொளுத்த வேண்டிய நாள் எண்டு ஒண்டு வந்தா, நான் உங்களிட்டைத்தான் வந்து கேப்பன். அதுவரைக்கும் மாற்றம் கீற்றம் எண்டு ஒரு இடமும் போகக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம், ரீச்சர்" என்றார் டில்ருக்ஷி.

பக்கத்தில் நின்ற எமில்ராஜ், அவர்கள் தன் முகத்தைப் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தானே போட்டு ஒட்டியிருந்த பாட நேரசூசியை வாசிக்கத் தொடங்கினார்.