எந்த மொழியில் அம்மா

காலையிலிருந்து நெட்டையனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாற்சந்தியில் பஸ்ஸை மறித்து, இளவட்டங்களின் காதைத் திருகுவது அவனுக்குக் கொடுத்த வேலை. பதினேழு வயதுக்கு இது பெரிய பதவிதான், போங்கள்! யோசனை வயர்மேனுடையது. ரெண்டு மொழிக்காரர்களுக்கும் நடுவில் கலவரம் வெடித்ததும் கரண்டு வேலையை மறந்துவிட்டு, கட்டிங் பிளேயரை மட்டும் மறக்காமல் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்.

"பேச்சை நம்பாதே. ரெண்டு பாஷையும் எல்லாருக்கும் அத்துப்படி. ஆனா வலிச்சா, பெத்தவ பாஷையிலதான் அம்மான்னு கத்துவான். எதிராளின்னா இறக்கு."

இறக்கியவர்களைச் சந்துக்குள் கூட்டிப் போனார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க நெட்டையனுக்குத் தைரியமில்லை.

அடுத்து வந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் பூட்டு உட்கார்ந்திருந்தான். பூட்டு எதிர்த்தரப்புப் பையன். பள்ளிக்கூட டீமின் கோல்கீப்பர். பந்தை உள்ளே விடமாட்டான் என்பதால் அந்தப் பேர். அவனுக்கு முன்னால் நின்று ஆடுகிறவன் நெட்டையன். மைதானத்தில் இருவருக்கும் ஒரு கிறுக்கு விளையாட்டு உண்டு. அடிபட்டால் மற்றவன் மொழியில்தான் கத்த வேண்டும், தன் மொழியில் கத்தினவன் தோற்றான். பல வருஷம் முட்டி பெயர்ந்ததில் அது இருவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. உயிர் போகிற வலியிலும் ஒட்டியிருக்குமா?

நெட்டையன் பூட்டின் காதைப் பிடித்தான். திருக மனசு வரவில்லை.

"என்னடா கொஞ்சிக்கிட்டு நிக்கிறே? தள்ளு!" வயர்மேன் கட்டிங் பிளேயரால் காதைக் கவ்வி முறுக்கினார்.

பூட்டு அலறினான். நெட்டையனின் மொழியில், அட்சர சுத்தமாக, அம்மா என்று.

"நம்மாளுதான். விடு."

போன உயிர் நெட்டையனுக்குத் திரும்பி வந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கிய நெட்டையன், முட்டாள் பயல், அந்தச் சந்தோஷத்தில் கதவிலிருந்து கையை எடுக்க மறந்தான். தப்பித்தால் போதும் என்று டிரைவர் கதவை அடித்துச் சாத்தினார். நாலு விரலும் நசுங்கின. கதவைப் பிளந்து கையைப் பிடுங்கிக்கொண்டு அம்மா என்று வீறிட்டான்.

பஸ் போய்விட்டது. சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான், எந்த மொழியில் கத்தினோம் என்பது அவனுக்கே உறைத்தது.

"அண்ணே, அது விளையாட்டுல பழகினது... சும்மா..."

வயர்மேன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்கப்பனை எனக்குத் தெரியும், நம்மாளு. உங்கம்மா யாருடா?"

"அம்மாவும் நம்மவங்கதாண்ணே! சத்தியமா!"

"கேட்டோமே, இப்பதான்." வயர்மேன் பைக்கில் இருந்த இருவரிடம் திரும்பினார். "இவன் வீடு தெரியும்ல?"

அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். பைக் கிளம்பியது. நெட்டையன் ரத்தம் சொட்டும் கையோடு அதன் பின்னால் ஓடினான். ஓடியபடியே தொண்டை கிழிய அம்மா என்று கத்தினான், இந்த முறை தன் சொந்த மொழியில். பைக்கில் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.