அமாவாசை வண்டியும் அறுநூற்றுப் பதினாலு முகங்களும்

செஞ்சி காந்தி பஜாரில் பாத்திரக்கடை மாடியில் கலைவாணி நடத்தியதைக் கம்பெனி என்று சொல்லிவிடக் கூடாது, ஸ்டார்ட்அப் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். இரண்டு பேர், இரண்டு லேப்டாப், ஒரு ஃபேன். மற்றதெல்லாம் ஓசி. எந்தெந்த தேசத்திலோ இருக்கிற புண்ணியவான்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓப்பன் சோர்ஸாகப் பொதுவில் வைத்த மென்பொருள்களை எடுப்பார்கள். அவற்றை வெட்டி ஒட்டி வெப்சைட்டாக ஆக்கும் வேலையை ஏஐ பார்த்துக்கொள்ளும். கலைவாணிக்கும் அவளோடு படித்த கூட்டாளி நேமிராஜுக்கும் மிச்சமிருந்த வேலை, ஏஐயைக் கெஞ்சுவதும் அதட்டுவதும்தான். அதையும் நேமிராஜ் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்வான். விளக்கு வைத்த பிறகு சாப்பிடாத ஜைன வீட்டுப் பிள்ளை, பசியோடு அதட்டினால் குரல் எடுபடாது என்பான்.

இரண்டு வருடமாக இப்படியே ஓடியதில், கலைவாணியின் நைனா சுந்தரமூர்த்திக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. வளத்தி ரோட்டில் உரக்கடை வைத்திருப்பவர். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்துக் கடிதம் அனுப்பியிருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும்.

"இந்த அமாவாசக்குள்ள நெஜமான கஸ்டமர் ஒர்த்தர காட்டு. இல்லன்னா பெட்டிய கட்டு" என்று சொல்லிவிட்டார்.

கலைவாணிக்குச் சென்னை மேல் பகையெல்லாம் இல்லை. தலைமேல் ஒரு ஆள் உட்கார்ந்து "அப்டேட் இன்னா" என்று கேட்காத வாழ்க்கையை இரண்டு வருடம் ருசித்துவிட்டாள், அதை விட மனசு வரவில்லை.

அவள் நம்பியிருந்தது ஒரே ஒரு ஆளை. அமாவாசைக்கு அமாவாசை செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் வேன் விடுகிற முதலாளிகளுக்கு ஒரு சங்கம் உண்டு, அதன் தலைவர் விநாயகம். அவரிடம் போய் நோட்டும் பேனாவுமாக நின்று வண்டி நேரங்களைக் கேட்டு எழுதி வந்து, ஒரு வெப்சைட் போட்டாள். "ரெண்டு மாசம் ஓட்டிக் காட்டு. அது முடிஞ்சி வர அமாவாச அன்னிக்கு காலைல ஒம்போது மணிக்கு வந்து பாக்கறேன். நல்லாருந்தா வருஷம் பூரா நீதான்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. யாராவது ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினாலும் அவர் பெயரையும் படத்தையும் 'பங்களிப்பாளர்' என்று வெப்சைட் பக்கத்தில் போட்டு மரியாதை செய்வார்கள். கலைவாணி அதையும் சேர்த்தாள். கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரிய வேண்டாம், போனில் வாயால் சொன்னால் போதும், ஏஐ திருத்திவிட்டு படத்தைப் போட்டுவிடும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஸ்டார். ஏஐக்கு அவள் கொடுத்த உத்தரவில் "உதவ வருகிறவர் யார் மனதையும் நோகடிக்காதே" என்றொரு வரியும் இருந்தது.

காதுகுத்துக்கே நாற்பது பேர் தலையை அச்சடித்து ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில் இப்படி ஒரு வசதியைச் செய்துகொடுத்தால் என்ன ஆகும் என்று இருவரில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா? படித்தவர்கள், யோசிக்கவில்லை.

முதலில் நாலுமுனை டீக்கடை முருகையன் "ஆறர வண்டி ஆறரைக்கு வர்றதில்ல" என்று சொல்லித் தன் படத்தை வாங்கினார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் போனைத் தூக்கிக் காட்டினார். அடுத்து பூக்காரி தனகோட்டி, "பக்கத்துல ஒரு பூ இல்ல, துக்க வீடாட்டம் இருக்குது" என்று புகார் சொன்னாள். ஏஐ மன்னிப்புக் கேட்டு, மேலே மல்லிகைச் சரம் தொங்கவிட்டது. நிழல் இல்லை என்றார் ஒருவர், வேப்பமரம் வந்தது. இன்னொருவர் தன் வெள்ளாட்டின் பெயரில் தகவல் சொல்ல, ஆடும் மூன்று ஸ்டாரோடு பங்களிப்பாளர் ஆனது.

அமாவாசை அன்று காலை ஏழு மணிக்குக் கலைவாணி பக்கத்தைத் திறந்தபோது அறுநூற்றுப் பதினாலு முகங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன. வண்டி நேரம் எங்கே என்று தேடினால், வேப்பமரத்துக்குக் கீழே, ஆட்டுக்கும் கீழே கிடந்தது.

"இத தலைவர் பாத்தா காறித் துப்புவாருடா" என்றாள்.

"கலை, மூஞ்சிங்கள தூக்கினா ஊரு சும்மா இருக்காது" என்றான் நேமிராஜ்.

"ஊரா எனக்கு காண்ட்ராக்ட் குடுக்குது?"

ஒரே அழுத்தலில் பூ, மரம், ஆடு, முகம் எல்லாவற்றையும் துடைத்தெறிந்தாள். தகவல் சொல்லும் வசதியையும் நிறுத்தினாள். பக்கம் வெள்ளைவெளேரென்று, ஆறு மணி, ஆறரை மணி, ஏழு மணி என்று நேரப் பட்டியலோடு பளிச்சென்று நின்றது. அவளுக்கே அதன் மேல் ஆசை வந்துவிட்டது.

ஒன்பது ஆயிற்று, பத்தும் ஆயிற்று, விநாயகம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் இறங்கிப் போனால், மனிதர் முருகையன் கடை பெஞ்சில் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"தலைவரே, ஒம்போதுக்கு வரேன்னு சொன்னீங்களே?"

"ஏழேகாலுக்கே உன்னுத தொறந்து பாத்துட்டேம்மா. ஆறு மணி, ஆறர மணின்னு இன்னாத்தையோ எழுதி வச்சிருக்கற."

"நீங்க குடுத்த டைம்தான்!"

"நோட்டும் பேனாவுமா வந்து நின்ன. பொட்டப்புள்ள, வெறுங்கையோட எப்படி அனுப்பறது? வாய்க்கு வந்தத சொன்னேன். ஸ்பெஷல் வண்டிக்கு ஏதும்மா டைமு? ஆளு ரொம்பினா கெளம்பும்."

விநாயகம் நிதானமாக விளக்கினார். ஸ்டாருக்கு ஆசைப்பட்டு, ரோட்டோரம் கடை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தன் வாசலைத் தாண்டுகிற வண்டியையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த வண்டி எங்கே வருகிறது, உட்கார இடம் இருக்கிறதா என்பதெல்லாம் ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் வரிவரியாக இருந்தது. ஜனங்கள் படித்தது அதைத்தான். அதைத்தான் அவள் குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தாள்.

"மூஞ்சி இல்லன்னா எவன் சொல்லுவான்? எவனுக்கு இன்னா தலையெழுத்து?" என்றார் விநாயகம். "அதான் காண்ட்ராக்ட்ட முருகையனுக்கு குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

முருகையன் டீயை ஆற்றியபடியே கூச்சத்தோடு சிரித்தார். "ஏழு பத்துக்கு பாக்கறேன், என் மூஞ்சிய காணோம். நாப்பத்தியோரு ஸ்டாரு பாப்பா! வயிறு எரிஞ்சிச்சு. என் போன்ல இருக்கற ஏஐகிட்ட, பழைய பக்கத்த அப்படியே எனக்கொண்ணு போட்டுக் குடுடான்னேன். நாலு டீ ஆத்தறதுக்குள்ள போட்டுருச்சு."

"அண்ணே, அது என் கோடு!"

"யார் வேணா எடுத்துக்கலாம்னு நீதான கீழ கொட்டை எழுத்துல எழுதி வச்ச?"

எழுதித்தான் வைத்திருந்தாள், துடைப்பதற்கு முந்திய நகல் உட்பட எல்லாவற்றையும் பொதுவில் விட்டு, அதுவும் பெருமையோடு. திங்கட்கிழமை காலை பஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அழுகை முட்டியது. டீக்கடையில் அழக்கூடாது என்று போண்டா ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெஞ்சின் கோடியில் தனகோட்டி அலறினாள். "அய்யய்யோ, என் மூஞ்சி ஆடா மாறிருச்சு!"

எல்லோரும் போனைப் பார்த்தார்கள். அறுநூற்றுப் பதினாலு படமும் அதே வெள்ளாடு. முருகையன் ஏஐயிடம் கத்தினார். அது பணிவாக மன்னிப்புக் கேட்டு, ஆட்டை இன்னும் பெரிதாக்கியது. மறுபடி கத்தினார், ஆட்டுக்கு மல்லிகைச் சரம் போட்டது. எண்ணெய்ச் சட்டியில் வடை கருகியது. ரோடெங்கும் ஜனம் வண்டி தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றது.

"குடுங்கண்ணே" என்று போனைப் பிடுங்கினாள் கலைவாணி.

படங்களின் வரிசை எண் எங்கே தடுமாறியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவள் போட்ட வரிதானே. அதைத் திருத்தி, சரியாக வந்திருக்கிறதா என்று முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இத்தனை நாளில் ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாவது முகத்தில் விரல் நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு பாஸ்போர்ட் போட்டோ. 'சுந்தரமூர்த்தி, உரக்கடை. பத்தொன்பது ஸ்டார்.' கடைசித் தகவல் இன்று காலை ஆறு நாற்பதுக்கு: 'மூணாவது வண்டி இப்பதான் போவுது. உக்கார எடம் இருக்குது. நம்பி ஏறலாம்.'

பெட்டியைக் கட்டச் சொன்ன மனுஷன் இரண்டு மாதமாக அமாவாசைதோறும் கடை வாசலில் நின்று அவளுக்காக வண்டி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது போண்டாவைத் தாண்டி வந்தேவிட்டது.

"யம்மா, மூஞ்சி வந்துருச்சு, அழுவாத" என்று பதறினாள் தனகோட்டி.

"நான் வடைய பாப்பேனா, இந்த எழவ பாப்பேனா?" என்றார் முருகையன். "தலைவரே, இத பாப்பாவே பாக்கட்டும். ஆனா மூஞ்சிங்க மேல மட்டும் கைய வெக்கக் கூடாது."

விநாயகம் டம்ளரை வைத்துவிட்டுத் தலையாட்டினார். "வருஷம் பூரா" என்றார்.

கலைவாணி மூக்கைத் துடைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போன் போட்டாள்.

"நைனா, கஸ்டமர் கெடச்சிருச்சு."

"அது கெடக்கட்டும்" என்றார் சுந்தரமூர்த்தி. குரலில் அப்படியொரு கோபம். "காலைல என் மூஞ்சிய ஏன்டி தூக்கின? பத்தொம்போதும் திரும்ப வந்துச்சா, அத மொதல்ல சொல்லு."