பட்டடையின் உயரம்

என் வீட்டுக்காரருக்கு வலது முழங்காலை மாற்றி வைத்த டாக்டர் தங்கமான மனுஷன். இனி ஜென்மத்துக்கும் குத்தவைத்து உட்காரக் கூடாது என்பதைக்கூடச் சிரித்த முகமாகத்தான் சொன்னார். குத்தவைக்காமல் ஒரு கொல்லன் எப்படி இரும்படிப்பான் என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது? தலையை ஆட்டிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் பேர் இசக்கிதுரை, என் பேர் பேராச்சி. தாராவியில் எங்கள் பட்டறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுவில் தொங்குகிற திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பும் கட்டிலும், இந்தப் பக்கம் உலையும் பட்டடைக்கல்லும். கட்டடம் இடிக்கிறவர்கள் முனை மழுங்கிய உளிகளைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள். இங்கே அதற்குச் செனி என்று பேர். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் குத்தவைத்திருப்பார். அவர் முன்னால் ஒரு அடி உயரத்தில் பட்டடை. எதிரே நின்று சம்மட்டி போடுவது நான். சிவக்கக் காய்ந்த செனியை இடது கைக் குறட்டில் பிடித்துக்கொண்டு, வலது கைச் சுத்தியலால், இங்கே அடி என்று ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார். தட்டின இடத்தில் என் சம்மட்டி விழும். குட்டைச் செனி என்றால் அவர் கைக்கும் நான் அடிக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் பெரிது. இத்தனை வருஷத்தில் ஒரு அடிகூடத் தப்பியதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார். நாலாவது மாதம் ஒரு காலையில் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் நின்றுகொண்டு இரும்படித்தான்.

"பாத்தியா, நின்னுக்கிட்டே அடிக்கான். நானும் நிக்கேன். பட்டடைக்கு அடியில ஒரு மரக்கட்டையக் குடுத்துத் தூக்கிட்டா சோலி முடிஞ்சுது."

அந்த மூன்று மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. சரி என்றேன்.

கட்டையில் பாதியைத் தரைக்குள் புதைப்பதுதான் முறை. எங்கள் சந்தில் ஒரு அடி தோண்டினால் யாராவது ஒருவர் வீட்டுத் தண்ணிக்குழாய் குறுக்கே வரும். அதனால் தரைக்கு மேலேயே அசையாமல் நிற்கிற அளவுக்குக் கனத்த கட்டை வேண்டும். உயரத்துக்கும் கணக்கு உண்டு. நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கினால் அந்தக் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில் பட்டடையின் முகம் இருக்க வேண்டும். அவர் சுவரை ஒட்டி நின்று, மடக்கின கையிலிருந்து தரை வரைக்கும் கயிறு பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முடிச்சு எனக்குச் சரிப்படாது. அவர் வாசல் நிலை இடிக்கிற உயரம். நான் ஐந்தடிக்கும் குறைச்சல். பட்டடை உயர்ந்துபோனால் சம்மட்டி இறங்குவதற்குள்ளேயே இரும்பில் மோதும். முழு முகமும் பதியாமல் விளிம்புதான் படும். விளிம்பு பட்டால் வழுக்கும், வழுக்கினால் பக்கத்தில் இருப்பது அவருடைய இடது கை. பலகை போட்டு மேலே நிற்கலாம் என்றால், சம்மட்டி தூக்குகிற வேகத்தில் பலகை நகர்ந்துவிடும். இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன். அவரோ கைத்தடி இல்லாமல் முதல் தடவையாக நிமிர்ந்து நிற்கிறார். "எப்படி?" என்று வேறு கேட்கிறார். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லித் தொலைத்தேன். அன்று பகல் முழுக்க அந்தக் கயிற்றோடு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தோசை ஊற்ற விடாமல் அடுப்படிக்கும் வந்தார், நான் விரட்டிவிட்டேன்.

மறுநாள் ஆட்டோவில் பைசானின் மரக்கடைக்குப் போனார். சாயங்காலம் கைவண்டியில் கட்டை வந்து இறங்கியது. கருவேல மரம், நாலு பேர் சேர்ந்து உருட்டினார்கள். வேர்ப்பக்கம் எது என்று தெரிய பைசான் சாக்பீஸில் கோடு போட்டு அனுப்பியிருந்தான். வேர்ப்பக்கம் கீழேதான் இருக்க வேண்டும், மரத்தைத் தலைகீழாக நிறுத்தினால் ஆகாது. நான் பட்டையை உரித்தேன், அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேல்முகத்தை உளியால் சமன் செய்தார். கட்டை வெடிக்காமல் இருக்க இரண்டு இரும்பு வளையங்களை உலையில் காய்ச்சி மாட்டினோம். மரம் கருகிப் புகைந்ததும் தண்ணீர் ஊற்றினேன். வளையம் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொண்டது. மேல்வீட்டில் அதிராமல் இருக்கப் பக்கத்துத் தோல் பட்டறையிலிருந்து கழிவுத் துண்டுகளை வாங்கிவந்து கட்டையின்மேல் அடுக்கினோம். அதன்மேல் பட்டடையை ஏற்றி நாலு மூலையிலும் கொக்கி ஆணி இறக்கினோம். தள்ளிப் பார்த்தேன், இம்மிகூட அசையவில்லை. வேலை என்றால் அது வேலை. ஆனால் பட்டடை அசையாதது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை. அடிக்கப்போவது நான்.

முதல் நாள் பெரிய செனிகளாக எடுத்துக் கொடுத்தேன், கை தூரமாக இருக்கட்டும் என்று. அப்படியும் பத்து அடியில் மூன்று அடி கோணலாக விழுந்தது. வேஷ்டிக்குக் கீழே அவருடைய வலது கால் லேசாக ஆடியது. மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். கால் வலி இடுப்புக்கு ஏறுகிறது போல என்று நினைத்துக்கொண்டு தைலம் தேய்த்துவிட்டேன்.

இரண்டாவது நாள் இன்னும் மோசம். ராத்திரி கண்ணை மூடினால் அவர் கைதான் தெரிந்தது. வேறு யாரையாவது சம்மட்டி போட வைக்கலாம் என்றால், அவர் தட்டுகிற தட்டு எனக்குத்தான் புரியும். இன்னொருத்தர் கையில் அவருடைய விரல்களை ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை. என் கையிலும் அவை பத்திரமாக இல்லை என்பதுதான் பயம்.

மூன்றாவது நாள், பதினொரு மணி இருக்கும். குட்டைச் செனி. அவர் தட்டிக் காட்டினார், நான் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அவர் கால் வெடுக்கென்று ஒரு ஆட்டம் ஆடியது. சம்மட்டி செனியின் ஓரத்தில் பட்டு வழுக்கிப் பட்டடையின் விளிம்பில் இறங்கியது. செனி எகிறி உலைப்பக்கம் விழுந்தது. குறடு திரும்பி அவருடைய கட்டைவிரலில் அடித்தது. நகத்தடியில் ரத்தம். சம்மட்டி போன வழிக்கும் அவர் கைக்கும் இரண்டு விரல் இடைவெளிதான் இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்லளா, நகம்தான்," என்றார்.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வாய் வழியாக வரும்.

"ஒங்க கைக்கு அளந்து வச்சிக்கிட்டு என்னைய அடிக்கச் சொன்னா நான் எப்படி அடிப்பேன்? இந்த உசரம் எனக்குச் சேருமா? கண்ணு எங்க இருந்துச்சு ஒங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விரலைக் குழாயில் கழுவப் போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மரக்கடைக்கு நடந்தேன். இன்றைக்கே ஆளைக் கூட்டிவந்து அந்தக் கட்டையைக் குறைத்துவிட வேண்டும்.

பைசானோடு இந்தியில்தான் பேச்சு. எங்களைச் சாச்சா, சாச்சி என்றுதான் கூப்பிடுவான், சித்தப்பா சித்தி மாதிரி. நாலு அங்குலம் குறைக்க வேண்டும் என்றதும் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இன்னும் குறைக்கணுமா சாச்சி? அப்புறம் சாச்சா எப்படி நின்னு வேலை பார்ப்பார்?"

"இன்னும்னா?"

"கயித்துல ரெண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். மேல் முடிச்சுக்குத் தக்கதா முதல்ல வெட்டினேன். அது அவர் அளவு. வெட்டின பிறகு அந்தக் கட்டைக்குப் பக்கத்துல கால் மணி நேரம் நின்னார். அப்புறம் கீழ் முடிச்சுக்கு வெட்டுன்னார். அடிக்கிறவ அவதானே, நான் பிடிக்கிறவன், குனிஞ்சுக்கிடுவேன்னு சொன்னார். வெட்டின துண்டு அதோ."

மூலையில் வட்டமாக ஒரு பலகை கிடந்தது. நாலு அங்குலக் கனம். அதன்மேல் டீ கெட்டில் வைத்திருந்தார்கள்.

அடுப்படியில் அவர் என் முதுகுக்குப் பின்னால் கயிற்றோடு குனிந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் கரண்டியைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்த கையிலிருந்து தரை வரைக்கும் அளந்திருக்கிறார். ஏதோ தேடுகிறார் என்று நினைத்து விரட்டியவள் நான்.

அப்படியென்றால் பட்டடை என் உயரத்தில்தான் நின்றிருக்கிறது. மூன்று நாளும் என் உயரத்தில்தான் நின்றிருக்கிறது. நான்தான் தப்பாக அடித்திருக்கிறேன்.

மரக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு அடியாக நினைத்துப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்த காலத்தில் செனியைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அவர் எங்கே விழப்போகிறார்? இப்போது அவர் நிற்கிறார், நான் அவர் காலைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் சம்மட்டியைத் தூக்கும்போது என் கண் அந்த முழங்காலுக்குப் போகிறது. கண் போகிற பக்கம்தான் சம்மட்டி போகும், இது சம்மட்டி பிடித்த முதல் நாளே தெரிந்த விஷயம். அந்தக் கால் ஏன் ஆடுகிறது? எனக்காக நாலு அங்குலம் குனிந்து, பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு நிற்கிறார். அவர் என் கைக்குப் பயந்து குனிந்தார். நான் அவர் காலுக்குப் பயந்து கோணலாக அடித்தேன். ஆளுக்கு ஒரு பயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக அந்தக் கையை நசுக்கப் பார்த்திருக்கிறோம்.

கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு அந்த வட்டப் பலகையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பைசான் பின்னால் ஏதோ கத்தினான்.

அவர் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பலகையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்பவே ஏன் சொல்லல? நான் அவ்வளவு கத்துனேனே," என்றேன்.

"ஒன் அளவுதான்னு சொன்னா, தப்பு ஒன்மேலன்னு ஆயிரும். அப்புறம் நீ சம்மட்டியத் தொடமாட்ட."

நான் அழுதேன். அழுதுகொண்டே பக்கத்துத் தோல் பட்டறையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு, கடப்பாரையைக் கொடுத்துக் கட்டையை நெம்பி, அந்தப் பலகையை அடியில் தள்ளினோம். பட்டடை மேலேறியது.

"ஒனக்கு எட்டாதுளா," என்றார்.

"எட்டும். முழங்கைய மடக்கி அடிப்பேன். நீங்க நேரா நில்லுங்க. ஒங்க காலு ஆடுனா என் கண்ணு அங்கதான் போவுது. எனக்குப் பயமா இருக்கு. நீங்க விழுந்துருவீங்களோன்னு மூணு நாளாப் பயமா இருக்கு."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து குறட்டை எடுத்தார்.

"விழுந்தா எந்திரிச்சுக்கிடுவேன். நீ இரும்பப் பாரு," என்றார்.

உலையில் செனி சிவந்தது. குறட்டில் எடுத்துப் பட்டடையில் வைத்தார். காயம்பட்ட கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் நான் பார்க்கவில்லை. அவர் தட்டிக் காட்டின இடம் ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும். அதை மட்டும் பார்த்தேன். சம்மட்டியைத் தூக்கினேன். கண் கீழே இறங்கத் துடித்தது. ஓரத்தில் ஏதோ வெள்ளையாக அசைந்தது, வேஷ்டியாக இருக்கலாம், காலாக இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

முழு முகமும் பதிந்து விழுந்தது. அவர் குறட்டில் செனி அடுத்த பக்கத்துக்குத் திரும்பியது. "அடி," என்று ஒரு குரல் என் தலைக்கு மேலிருந்து வந்தது. குரல் வந்த உயரத்தை வைத்துத்தான் அவர் நிமிர்ந்து நிற்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த அடிக்குத் தூக்கினேன்.