ஒரு கட்டில் போடும் இடம்

பகலவன் மாமா செத்துப்போனார் என்று கேட்டு மகிழினி புளியந்தோப்புக்கு ஓடிவந்தபோது கீழே ஷாமியானா போட்டாகிவிட்டது. ஐஸ் பெட்டியும் வந்திருந்தது. மாமாதான் இன்னும் எட்டாவது மாடியிலேயே கிடந்தார்.

பெட்டி லிஃப்டில் நுழையவில்லை. படிக்கட்டில் ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். முதல் திருப்பத்திலேயே தலை சுவரில் இடித்தது. கடைசியில் மகன் எழிலன்தான் சொன்னான்: “சேர்ல குந்த வெச்சு லிஃப்டுலயே எறக்கிடலாம். வேற இன்னா பண்றது?”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மார்போடு வேட்டியால் கட்டினார்கள். முப்பது வருஷம் ஹார்பரில் மூட்டை தூக்கிய உடம்பு, காலை மடக்க முடியவில்லை. எழிலன் அப்பாவின் தாடையைத் தாங்கிக்கொண்டான். மகிழினி குனிந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. பால் பாக்கெட்டோடு நின்ற பெண் ஒருத்தி, “மேலயா, கீழயா?” என்று கேட்டாள். நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கினாள். மகிழினிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஏனென்றால் இந்தக் கட்டடம் அவள் வரைந்தது. பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை அவள் அலுவலகத்துக்குத்தான் வந்தது. “நீ அங்க பொறந்த பொண்ணாச்சே, அவங்களுக்கு என்ன வேணும்னு நீயே சொல்லும்மா” என்றார் மேலாளர் ஜெகதீசன். படிக்கட்டையும் லிஃப்டையும் சுருக்கினால் வீட்டுக்கு வீடு ஒரு கட்டில் போடும் இடம் கூடும். ஒற்றை அறையில் ஆறு பேர் தலைமாடு கால்மாடாகப் படுத்து வளர்ந்தவள் அவள். யோசிக்கவே இல்லை, சந்தோஷமாகச் சுருக்கினாள். அந்த வீடுகளில் சாவும் விழுமே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அசலூர்க்காரன் மறந்திருந்தால் வாய் நிறையத் திட்டலாம். பாடையும் பறையுமாகப் பார்த்து வளர்ந்த இவளுக்கு என்ன கேடு வந்தது?

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின், மாமாவின் மனைவி ரமாபாய் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மகிழு, உன் ஆபீசுல அந்த லிஃப்ட வரைஞ்சவன் யாருன்னு பாத்தீன்னா கேளு. அவன் வூட்டுல சாவே வுழாதான்னு கேளு. ராஜா மாதிரி இருந்த மனுசன், பொம்ம கணக்கா கட்டி எறக்குனாங்களே.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தையின் கை இன்னும் அவள் கைமேல் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

“நான்தான் அத்தே வரைஞ்சேன்” என்றாள். கட்டில் கதையையும் சொல்லி அழுதாள்.

அத்தை திட்டவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“அப்போ எனக்கும் சேர்தானா, மகிழு?” என்று கேட்டாள்.